கடல் பாலத்துப் பக்தர்கள்

"மிஸ், பைல் பத்தி ஒரு பைல் இருக்கு. நீங்கதான் படிச்சுச் சொல்லணும்" என்று போனில் ஒரு பெண் குரல் சொன்னபோது நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். எந்த பைலைப் பற்றி எந்த பைல் என்று எனக்குப் பிடிபடவில்லை.

"கடல்ல அடிச்சு எறக்கற தூணு மிஸ். அதுக்குப் பேரு பைல். அதப் பத்தின காகிதமெல்லாம் ஒரு பைல்ல இருக்கு. எல்லாம் பிரெஞ்சு."

பிரெஞ்சு என்று காதில் விழுந்ததும், புளி தன்பாட்டில் ஊறட்டும் என்று கையைக் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் ஓய்வுபெற்று ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முன் முப்பத்தோரு வருஷம் புதுச்சேரிப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தேன். என் அப்பா மில்லில் தறி ஓட்டியவர். எங்கள் தெருவில் முதலில் பிரெஞ்சு பேசிய ஆள் நான்தான். அந்தப் பெருமையை வெளியே காட்டிக்கொள்வதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் கணவர் அப்படி நினைக்கவில்லை. அவர் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வுபெற்றவர். எவரையும் ஒரு பார்வையில் உள்ளே வரை பார்த்துவிடலாம் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

போனில் பேசியவள் என் பழைய மாணவி. ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சுப் பாடத்தில் முப்பத்தெட்டு மார்க் வாங்கி, மறுவருஷமே தமிழ்ப் பாடத்துக்குத் தப்பி ஓடியவள். இப்போது பொறியாளர். நகரத்துக் கடல் பாலத்தின் கால்களைத் தண்ணீருக்கு அடியில் பழுதுபார்க்கும் வேலைக்கு அவள்தான் பொறுப்பு. மறுநாள் பைலோடு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"மேல பாத்தா பாலம் நல்லாத்தான் இருக்கும் மிஸ். கீழதான் பிரச்சின. உப்புத் தண்ணி உள்ள பூந்து, கம்பியெல்லாம் துரு ஏறி, காங்கிரீட்டு செதில் செதிலா விழுது. ஒவ்வொரு காலையும் சொரண்டிச் சுத்தம் பண்ணி, சுத்திப் புதுக் கம்பி கட்டி, ஜாக்கெட்னு ஒரு கூடு மாட்டி, உள்ள காங்கிரீட் ஊத்தணும்."

"கடலுக்குள்ளயா?"

"கடலுக்குள்ளதான். டைவருங்க இருக்காங்க. ஆனா அந்தக் காலுங்கள எப்படி நட்டாங்க, எவ்ளோ ஆழம் போயிருக்குன்னு தெரியணும். அது இதுல இருக்கு. ஆனா கையெழுத்து. போட்டோ எடுத்து மொழிபெயர்க்கற ஆப்புல போட்டுப் பாத்தேன். அது என்னவிட மோசமா மார்க் வாங்குது."

ஒரு வாரம் ஆகும் என்றேன். நாலே நாளில் முடித்துவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவுசெய்துகொண்டேன்.

சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பி உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே 'பியோ' என்று ஒரு சொல் வரிக்கு வரி வந்தது. பழைய சிநேகிதியைப் பார்த்ததுபோல் இருந்தது. பக்தி மிகுந்தவர்கள் என்று பொருள். ஆண்பால் பெண்பால் அட்டவணையில் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிய சொல். அகராதியைத் திறக்கவே வேண்டாம். அடுத்து 'முத்தோன்'. செம்மறி ஆடு, ஆறாம் வகுப்புப் பாடம். 'சொனேத்' என்றால் சின்ன மணி. 'சபோ' என்றால் மரத்தில் செய்த செருப்பு, நம் பாதக்குறடு மாதிரி. இங்கே இரும்பில் செய்தது என்று போட்டிருந்தது. பக்தர்கள், ஆடு, மணி, குறடு. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கடலில் வேலை தொடங்குவதற்கு முன் மீனவர்கள் பூசை போட்டிருக்கிறார்கள், யாரோ ஒரு பிரெஞ்சு அதிகாரி அதை ரசித்து எழுதிவைத்திருக்கிறார் என்பது எனக்கு வெட்டவெளிச்சமாகிவிட்டது.

'இரும்புக் குறடு அணிந்த பக்தர்கள், மணியின் உதவியோடும் ஆட்டின் உதவியோடும், மறுக்கும் வரை அடிக்கப்பட்டனர்' என்று அழகாக ஒரு வாக்கியம் அமைந்தது. அதைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன்.

"யாரு யார அடிச்சாங்க?" என்றார்.

"சாட்டையடி நேர்த்திக்கடனுங்க. போதும்னு சொல்ற வரைக்கும் அடிப்பாங்க."

"ஆடு எதுக்கு?"

"பலி குடுக்கத்தான்."

அவர் அடுத்த பக்கத்தை எட்டிப் பார்த்தார். அதில் ஒரு பட்டியல். ஒவ்வொரு பக்தருக்கும் ஒரு எண், எதிரே மீட்டரில் ஒரு அளவு.

"பன்னெண்டு மீட்டர், பதினொன்ற மீட்டர்னு போட்டிருக்கே? இவ்ளோ ஒசரமாவா பக்தனுங்க இருந்தாங்க?"

இந்தக் கேள்வி எனக்கும் முந்தைய நாள் வந்திருந்தது. பதிலும் தயாராக இருந்தது. "அது அங்கப்பிரதட்சணம் பண்ண தூரம்."

"பாவம், பதினொன்ற மீட்டர்காரன் முடியாம எழுந்துட்டான் போல" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு மொழியின் அருமை தெரியாது என்று விட்டுவிட்டேன். ஒன்பது பக்கம் சுத்தமாக எழுதி, மீனவர் வழிபாடு பற்றி ஒரு அடிக்குறிப்பும் சேர்த்தேன்.

தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் இப்படி ஒரு வேலையை நேரில் கொடுத்து முகத்தைப் பார்க்கும் ஆசை யாருக்குத்தான் இருக்காது? நல்ல பருத்திப் புடவை கட்டிக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கினேன். பாலத்தின் தலைப்பில் தார்ப்பாய் போட்ட கொட்டகை. காற்று அடிக்கும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய மஞ்சள் குழாய்கள் பாலத்து ஓரமாகப் போய்க் கடலுக்குள் இறங்கின. ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியில் யாரோ மூச்சு விடும் சத்தம் புஸ் புஸ்ஸென்று கேட்டது. கீழே இருக்கும் டைவருடையது என்றார்கள்.

மாணவி என் பக்கங்களை நின்றபடியே படித்தாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தேர்வு மண்டபத்தில் வினாத்தாளைப் பார்க்கும்போதும் அவள் முகம் இப்படித்தான் இருக்கும்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க மிஸ்" என்றாள். பிறகு, "தூணு பத்தி எங்க வருது?"

"அது வரல. இது பூசை பத்தினது."

ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். டைவர்களுக்குத் தலைவர் அவர்தான். பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், கறுப்பு ரப்பர் சட்டையை இடுப்புவரை உரித்துவிட்டிருந்தார்.

"டீச்சரம்மா, அந்தப் பிரெஞ்சக் கொஞ்சம் சத்தமாப் படிங்களேன்."

சந்தோஷமாகப் படித்தேன். உச்சரிப்பில் நான் குறை வைப்பதில்லை. 'சொனேத்' தாண்டி 'முத்தோன்' வந்ததும் அவர் டீயைக் கீழே வைத்தார்.

"முத்தோனா? அது சம்மட்டி ஆச்சே!"

"ஆடு" என்றேன்.

"ஆடு இல்ல டீச்சரம்மா. மேலேர்ந்து தொப்புனு தூண் தலையில விழற இரும்புக் குண்டு. ஆப்பிரிக்கா பக்கம் பதினாலு வருஷம் பிரெஞ்சுக்காரனுங்க கூட வேல செஞ்சேன். குண்டத் தூக்கிப் பிடிச்சிருக்கற சாரம் இருக்கு பாருங்க, அதான் சொனேத். தூணோட அடி முனையில மண்ணக் குத்திக்கினு போவ ஒரு இரும்பு மாட்டுவாங்க. அதான் சபோ."

"அப்போ பியோ?"

"தூணு. வேற இன்னா?"

ஒலிபெருக்கிப் பெட்டி புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டது. என் வாக்கியம் என் கண் முன்னாலேயே குறடு, மணி, ஆடு எல்லாவற்றையும் களைந்துவிட்டு நின்றது: இரும்பு முனை மாட்டிய தூண்கள், இனிமேல் இறங்காது என்று நிற்கும் வரை, சாரத்தில் தொங்கிய குண்டால் அடிக்கப்பட்டன. பன்னிரண்டு மீட்டர் என்பது தூணின் நீளம். மாணவி வேறு பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. அந்த இடத்தில் ஒரு அலை வந்து என்னை மட்டும் இழுத்துக்கொண்டு போனால் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் அவருடைய தந்திரம். சோற்றைப் பிசைந்தபடி, "ஆட்டுக்கு ஒண்ணும் ஆவலயே, அது போதும்" என்றார்.

ஒரு நாள் முழுக்கக் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யார்மேல் கோபம் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை மாணவி போன் செய்து, "மிஸ், டைவர் அண்ணாவுக்குச் சாமான் பேரு தெரியுது, ஒரு வரி சேந்தாப்புல படிக்கத் தெரியல. உங்களுக்குப் படிக்கத் தெரியுது…" என்று இழுத்தாள். சாமான் பேர் தெரியவில்லை என்று முடிக்காமல் விட்டாளே, அந்த மரியாதைக்காகவே கிளம்பினேன்.

அப்படித்தான் கோடைக் காலைகள் எனக்குக் கொட்டகையில் கழிய ஆரம்பித்தன. தலைவர் கடலிலிருந்து ஏறி வந்து தலையைத் துவட்டிக்கொண்டு எதிரே உட்காருவார். நான் வாக்கியத்தைப் பிரித்துச் சொல்வேன். அவர் சொல்லைப் பிடித்துக்கொள்வார். அவருடைய பிரெஞ்சில் வினைச்சொல்லே கிடையாது. இறந்தகாலம், எதிர்காலம் எதுவும் கிடையாது. ஒரு சொல், கூட ஒரு கையசைவு, அவ்வளவுதான். ஆனால் என் அகராதியில் இல்லாத திருகாணி, கொக்கி, கப்பி எல்லாம் அவர் வாயில் இருந்தன. நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். முப்பத்தோரு வருஷம் சிவப்புப் பேனா பிடித்த கை. ஒரு பிழையும் திருத்த முடியாமல் தவித்தது.

ஒரே ஒரு சொல்லைத் திருத்தியிருக்க வேண்டும். ஜாக்கெட்டைக் கீழே இறக்கும்போதும் குழாயை மேலே ஏற்றும்போதும் ஆறேழு பேர் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். தலைவர் ஒரு பிரெஞ்சுச் சொல்லைக் கத்துவார். ஆட்களும் அதையே ஒன்றாகக் கத்தி இழுப்பார்கள். அந்தச் சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன். வகுப்பில் ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. புது அகராதி வாங்கியதும் மாணவர்கள் முதலில் தேடிப் பிடிப்பது அதைத்தான்.

எத்தனையோ நாள் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் காலை, தொப்பி போட்ட ஒரு வயதான பிரெஞ்சுத் தம்பதி மணலில் நடந்து வந்தார்கள். அதே நேரத்தில் பாலத்தின் மேலிருந்து ஏழு ஆண்கள் அடித் தொண்டையில் அந்தச் சொல்லை மூன்று முறை கத்தினார்கள். அந்த அம்மாள் நின்றாள். தன் கணவரைப் பார்த்தாள். இருவரும் வந்த வழியே திரும்பி விறுவிறுவென்று நடந்தார்கள்.

அதற்கு மேல் பொறுக்கக் கூடாது என்று தலைவரைத் தனியாகக் கூப்பிட்டேன். "தம்பி, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு நெனச்சிருக்கீங்க?"

"இழுன்னு அர்த்தம். ஆப்பிரிக்காவுல எங்க பிரெஞ்சுக்கார ஃபோர்மேன் சொல்லிக்குடுத்தது. கயிறு எங்கனா மாட்டிக்கினா அவன் அதத்தான் கத்துவான். நாங்க ஒடனே இழுப்போம்."

"அது… கக்கூஸ் சம்பந்தப்பட்டது."

பதினாலு வருஷமும் அவர் கண்ணில் ஓடியிருக்க வேண்டும். பிறகு கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அப்ப அவன் கோவத்துல கத்தியிருக்கான், நாங்க தொரை சொல்றாருன்னு இழுத்திருக்கோம்!"

"மாத்திடுங்களேன்" என்றேன்.

"எப்படி டீச்சரம்மா? ஆளுங்க கையி அதுக்குத்தான் பழகியிருக்கு. புதுசா ஒண்ணு சொன்னா முழிச்சிக்கினு நிப்பானுங்க, தூக்கனது நழுவிக் கீழ கெடக்கற ஆளு மேல விழும்." யோசித்துவிட்டு, "வெள்ளக்காரங்க வந்தா மட்டும் மெதுவாக் கத்தச் சொல்றேன்" என்றார்.

வாக்குக் கொடுத்தார். காப்பாற்றினார் என்று சொல்ல முடியாது.

ஏப்ரல் கடைசியில் பட்டியலின் கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். கடலுக்குள் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் ஒரு தூண். அதன் எண்ணுக்கு எதிரே, ஓரத்தில், பென்சிலால் ஒரே ஒரு சொல். 'ஆந்தே.' தலைவர் உதட்டைப் பிதுக்கினார். அவருக்குத் தெரியாத சாமான்.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது வேறு. அதே ஓசையில் இன்னொரு சொல் உண்டு; அதற்குப் பேய் பிடித்தது என்று அர்த்தம். பழைய நானாக இருந்தால் பேய் பிடித்த பக்தர் என்று எழுதி ஓர் அடிக்குறிப்பும் போட்டிருப்பேன். இந்தத் தடவை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். பேய்க்கு முன்னால் வர வேண்டிய எழுத்து இதில் இல்லை. பிறகு ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்புக்கு நான் சொல்லி எழுதவைக்கும் ஒரு பத்தி, ஒரு தோட்டக்காரர் பழமரத்துக் கிளையை வெட்டி இன்னொரு மரத்தோடு கட்டுவது. அங்கே வரும் சொல் இது.

"ஒட்டு" என்றேன். "ஒட்டு மாங்கா இல்ல? அந்த மாதிரி ஒட்டுப் போட்டது."

தலைவரும் மாணவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மறுபடியும் காது சூடாகத் தொடங்கியது. ஆனால் இம்முறை யாரும் திரும்பிச் சிரிக்கவில்லை.

"ஜாயிண்ட்டு" என்றாள் மாணவி. "தூணு நீளம் பத்தாம போயிருக்கு. மேல இன்னொரு துண்ட ஒட்டியிருக்காங்க. எங்க ஒட்டனாங்கன்னு போட்டிருக்கா மிஸ்?"

போடவில்லை. தலைவர் தாடையைச் சொறிந்தார். "அந்தத் தூண ரெண்டு தபா தடவிப் பாத்துட்டேன். மேலேர்ந்து மண்ணு வரைக்கும் நல்லாத்தான் கீது. ஒட்டே இல்ல."

"அப்ப மண்ணுக்குக் கீழ" என்றாள் அவள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். கணவரும் வந்தார், துணைக்கு என்றார், வேடிக்கைக்கு என்பது எனக்குத் தெரியும். தலைவர் பித்தளைப் பூட்டு வைத்த தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கினார். தண்ணீரைப் பீய்ச்சும் குழாயால் தூணின் அடி மணலைக் கரைத்து ஒதுக்க வேண்டும். கீழே கண் தெரியாது, கலங்கல், எல்லாம் கைத்தடவல்தான் என்று மாணவி சொன்னாள். நாங்கள் நாலைந்து பேர் ஒலிபெருக்கிப் பெட்டியைச் சுற்றி நின்றோம். அரை மணி நேரம் மூச்சுச் சத்தம்தான். நடுவில் அவர் எதிலோ கையை இடித்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னார். கயிற்றருகே நின்ற ஆட்கள் இழுக்கப் போய்விட்டார்கள். மாணவி கூச்சல் போட்டு நிறுத்தினாள்.

பிறகு மூச்சுச் சத்தம் நின்றதுபோல் இருந்தது. மாணவி பெட்டியில் குனிந்து, "அண்ணா, சரியா இருக்கீங்களா?" என்றாள்.

"கீறேன். டீச்சரம்மா இருக்காங்களா?"

"இருக்கேன் தம்பி" என்றேன். பெட்டிக்குக் கேட்காதோ என்று கத்திவிட்டேன்.

"ஒட்டு கெடச்சிச்சு. சுத்தி இரும்புப் பட்ட. பட்ட பாதி துருவாப் போச்சு. அதுக்கு மேல வெடிப்பு. என் நாலு வெரலும் உள்ள போவுது."

மாணவி கண்ணை மூடித் திறந்தாள். ஜாக்கெட்டை மணல் மட்டத்தோடு நிறுத்துவதாகத்தான் அவள் வரைபடம் போட்டிருந்தாள். அப்படி முடித்திருந்தால் மேலே பளபளவென்று புதுக் காங்கிரீட் நிற்கும், அதன் பாரத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு கீழே ஒட்டு பிளந்துகொண்டிருக்கும். அன்றே உட்கார்ந்து வரைபடத்தை மாற்றினாள்.

அந்த ஒரு தூணுக்கு மட்டும் நீளமான ஜாக்கெட் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையிலிருந்து செய்து வந்தது. இரண்டு பாதிகளாக இறக்கி, ஒட்டுக்குக் கீழே வரை மணலைத் தோண்டி, சுற்றி மூட்டிப் பூட்டினார்கள். அடியிலிருந்து காங்கிரீட்டை மெல்ல ஏற்றினார்கள். அது ஏற ஏற உள்ளே இருந்த கடல்தண்ணீர் மேல் விளிம்பு வழியாக வெளியே போகும். முதலில் கலங்கல், பிறகு சாம்பல் தண்ணீர், கடைசியில் கெட்டியாக வழியத் தொடங்கியதும் கீழிருந்து தலைவர் "போதும்" என்றார். தமிழில்தான். ஆட்கள் கை தட்டினார்கள். என் கணவரும் தட்டினார். எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது. உப்புக்காற்று என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் கடல் பொங்கியது. இரண்டு நாள் கடற்கரைச் சாலையில் யாரையும் விடவில்லை. மூன்றாம் நாள் மாணவி போன் செய்தாள். "அளந்து பாத்துட்டேன் மிஸ். நூல் அளவுகூட அசையல." அந்தத் தூணைத்தான் சொல்கிறாள் என்று கேட்காமலேயே புரிந்தது.

மழை விட்டதும் தலைவர் வீட்டுக்கு வந்தார், ஒரு பையில் வஞ்சிரத்தோடு. அடுத்த வேலை வேறு துறைமுகத்தில், மறுநாள் கிளம்புகிறார். என் கணவர் மீனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். தலைவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, எங்க ஃபோர்மேன் நம்பர் இருக்குது. இத்தினி வருஷமும் ஒண்ணும் எழுதல. எனக்கு எழுதத் தெரியாதே. நாலு வரி போட்டுக் குடுக்கறீங்களா?"

அவர் தமிழில் சொல்லச் சொல்ல, நான் அவர் போனில் தட்டினேன். நல்லாயிருக்கிறேன், முட்டி கொஞ்சம் வலிக்கிறது, மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று, இப்போது என் ஊரிலேயே ஒரு பாலத்துக்கு வேலை செய்தேன், நீங்கள் கற்றுக்கொடுத்த வேலைதான். வினைச்சொல், காலம் எல்லாவற்றையும் சரியாகப் போட்டேன். இத்தனை நாள் அவரிடம் வாங்கிய சொற்களுக்கு நானும் ஏதாவது தர வேண்டாமா?

மீன் பொரியும் வாசனை வருவதற்குள் பதில் வந்துவிட்டது. கைத்தடியோடு ஒரு கிழவரின் படம், கீழே மூன்று வரி. தலைவர் போனை என்னிடம் நீட்டினார். முதல் இரண்டு வரியைச் சாதாரணமாகப் படித்துத் தமிழில் சொன்னேன். மூன்றாவது வரிக்கு வந்ததும் சமையலறைப் பக்கம் லேசாகத் திரும்பி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்:

"யாருப்பா ஒனக்கு இவ்ளோ நல்ல பிரெஞ்சு கத்துக்குடுத்ததுன்னு கேக்கறாரு."